எரிந்துபோன மோட்டாருக்கு ஒரு ஸ்தோத்திரம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன வைகாசியில் நம் சபை வளாகத்தில் நான் வைத்த ஆவாரைச் செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்ந்தன. சோற்றுக்கற்றாழை அடியில் குழைந்தது. நான் உடைந்துபோனேன்.

நெய்வேலியில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற பின், மண்ணையும் நீரையும் வீணாக்காமல் தோட்டம் அமைக்கும் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். இந்த வயதில் பாடம் மனதில் நிற்கவில்லை. என் மனைவி எஸ்தர்தான் அடுப்படியிலிருந்தே கேள்வி கேட்டுக் கேட்டுத் தேற வைத்தாள். அந்தச் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நாம் அமைத்த தோட்டம் உயிரோடு இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். அந்த நாள் நெருங்கியிருந்தது. செடி செத்தால் சான்றிதழ் போய்விடும். நாங்கள் இருவரும் ஆசையாகச் செய்துவந்த பள்ளித் தோட்ட வேலையும் போய்விடும்.

தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டினேன். சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ஓயாமல் ஓடும் ஊர் இது. செடி வாடினால் ஹோஸைத் திறந்துவிடுவதுதான் எங்கள் வைத்தியம். காலையும் மாலையும் மோட்டார் போட்டேன். இன்னும் வாடின.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, டீ டம்ளர் கழுவிய தண்ணீரை எஸ்தர் செடியோரம் ஊற்றினாள். எல்லாப் பெண்களும் பார்க்கக் கத்தினேன்.

"உன் சோப்புத் தண்ணிதான்டி எல்லாத்தையும் கொன்னுச்சு!"

"செடிக்கு வாய் இருந்தா அது சொல்லும்ங்க, யாருன்னு" என்றாள். அதன்பின் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

அன்று மாலை ஆலயத்தில் தனியே முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தச் செடிகளைப் பிழைக்க வையும்" என்று அழுதேன். மறுநாள் மோட்டார் எரிந்தது.

மெக்கானிக் பாய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "உள்ளே காயில் கருகிப் போச்சு சார். இப்படி ஓட்டினா மாடுகூடப் படுத்துக்கும். பக்ரீத் முடியட்டும், புதுக் கம்பி சுத்தித் தரேன்."

எனக்குத் தேவன்மேலேயே கோபம். உதவி கேட்டால் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டீரே! குடத்தில் தண்ணீர் சுமக்க முழங்கால் இடம் தரவில்லை.

மண் காய்ந்தது. இலை மஞ்சளாவது நின்றது. ஒரு காலை ஆவாரைக் கணுவில் கடுகளவு தளிர். மண்ணைக் கிளறினேன். அழுகல் வாடை. கருத்த வேர்களுக்கு மேலே வெள்ளையாய்ப் புது வேர். வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதியவன் நான். ஊற்றி ஊற்றிக் கொன்றதும் நான். பழி சுமந்தது அவள்.

அடுத்த ஞாயிறு அதே பெண்கள் முன்னால் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்ல பெஞ்சில உட்காருங்க, முழங்கால் வலிக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சான்றிதழுக்காகப் பார்வையிட வந்த அதிகாரி அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. மோட்டார் எரிந்ததால்தான் தோட்டம் பிழைத்தது என்றேன். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. இப்போதெல்லாம் எஸ்தர் மண்ணில் விரல் விட்டுப் பார்த்து "இன்னைக்கு வேணாங்க" என்றால் வேண்டாம்தான்.

பிரியமானவர்களே, ஜெபித்த பிறகு ஏதாவது நின்றுபோனால் உடனே அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். அதற்குள் வீட்டில் யாரையாவது திட்டியிருந்தால், இன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள்.