எங்கள் ஊரில் விழுந்த ஒரே ஓட்டு

அந்தத் தேர்தலில் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை என்று எங்கள் ஊர் முடிவெடுத்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முடிவெடுத்தவர்களில் முதல் ஆள் என் அப்பா. அதை மீறிய ஒரே ஆள் அப்பாவின் தங்கை. அதனால் மற்ற ஊர்களில் ஒரே நாளில் முடிந்துபோன தேர்தல் எங்கள் வீட்டில் முடிய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடத்தில், அமிர்திக்குப் போகிற பக்கமாக இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கும் பஸ் வரும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கானாறு. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அதில் மணலும் கல்லும்தான் இருக்கும். ஆடுகள் அதில் இறங்கி ஏறும், பள்ளி விட்டதும் நாங்கள் அங்கேதான் விளையாடுவோம். மலைமேல் மழை பிடித்தால் மட்டும், கீழே எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாத நேரத்தில், செம்மண் கலங்கலாகத் தண்ணீர் இறங்கி வரும். அது வடியும்வரை பால் கேன்கள் இந்தக் கரையிலும் பால் வண்டி அந்தக் கரையிலும் நிற்கும். ஒரு பாலம் கட்டித் தாருங்கள் என்று ஊரில் ரொம்ப காலமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் எல்லோருமே மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது எங்கள் தெருவிலேயே. மாமா பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அத்தைக்குக் குழந்தை உண்டானது. வலி எடுத்த அன்று கானாற்றில் தண்ணீர். ஆம்புலன்ஸ் வந்தது, வந்து அந்தக் கரையில் பட்டப்பகலில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று இறங்கிப் பார்த்தவர்கள் மார்பளவுத் தண்ணீரில் கால் நிற்காமல் திரும்பி வந்தார்கள். வண்டியிலிருந்த நர்ஸ் போனில் சொல்லச் சொல்ல எங்கள் வீட்டில் வைத்து அம்மாதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் நான் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்து வண்டி இந்தப் பக்கம் வந்தபோது அத்தையை மட்டும்தான் ஏற்றவேண்டியிருந்தது.

அதற்கடுத்த கோடையில் தேர்தல் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினார்.

“என் தங்கச்சிக்கு நடந்தது நாளைக்கு உங்க வூட்டுப் பொண்ணுக்கும் நடக்கும். பாலம் வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் ஓட்டு இல்ல. இன்னா சொல்றீங்க?”

எல்லோரும் சரி என்றார்கள். சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அத்தை வரவில்லை. குழந்தை போனதிலிருந்து அவள் அவ்வளவாக எங்கும் வருவதில்லை என்பதால் யாரும் அவளை எதிர்பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டினோம். கறுப்புத் துணி இல்லாதவர்கள் பழைய குடையைப் பிரித்துக் கட்டினார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் பெரிய பேனர் ஒன்று வைப்பதென்றும் முடிவாகி, அப்பாவும் இன்னொருவரும் வேலூருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தார்கள். ‘எங்கள் ஊர்க் குழந்தையின் உயிருக்கு என்ன பதில்?’ என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு குழந்தையின் படம். அத்தையின் குழந்தைக்கு ஏது படம்? பேனர் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு குழந்தையை எடுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பால் பவுடர் டப்பாவில் இருக்குமே, அந்த மாதிரி. கொழுகொழுவென்று வெள்ளைவெளேரென இருந்தது. கண்கூட லேசாக நீலம். கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தது.

அது அத்தையின் குழந்தைதான் என்று நான் நம்பினேன். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற அத்தையோடு ஒருநாள் பேனரைத் தாண்டி நடந்தபோது, “பாப்பா எவ்ளோ அழகா இருக்குது அத்தே” என்றேன்.

அத்தை பேனர் பக்கம் திரும்பவே இல்லை. “அது எவ பெத்ததோ” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பால் சொசைட்டிக்குப் போக அந்த ஒரு வழிதான். காலையிலும் சாயங்காலத்திலும் அவள் அதைத் தாண்டித்தான் போய்வரவேண்டும். யாராவது அந்த நேரத்தில் பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் ‘இவங்கதான் அந்த அம்மா’ என்று காட்டுவார்கள். சேனல்காரர் ஒருவர் அத்தையைப் பேனருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டார். அத்தை பால் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தப் புறக்கணிப்பில் பெரிய நஷ்டம். மற்ற ஊர்களுக்கு மேளமும் வண்டியுமாக வந்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், கொடி ஒட்டின அட்டை கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்த வண்டிகளை ஆண்கள் கானாற்றிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவரையும் ஊருக்குள் விடவில்லை. கடைசியில் தாசில்தார் மட்டும் ஜீப்பில் வந்து கோயிலடியில் உட்கார்ந்து தன்மையாகப் பேசினார். யாரையும் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் மிஷினில் ஒரு பட்டன் இருக்கிறது, வந்து அதையாவது அழுத்துங்கள் என்றார்.

“அத அமுக்கினா பாலம் வருமா சார்?” என்று அப்பா கேட்டார். தாசில்தார் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தேர்தலன்று காலையிலிருந்தே ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதற்கு. போகிறவர்கள் யாரும் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே, எங்கள் வகுப்பறையில், மிஷினை வைத்துக்கொண்டு வெளியூர் வாத்தியார்கள். நாங்கள் பிள்ளைகள் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாத்தியார் பெஞ்சில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பெஞ்சில் ஒரு வாத்தியார் தூங்குவதைப் பார்ப்பது எங்களுக்குத் தேர்தலைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

உச்சிவெயிலில் அத்தை வந்தாள். தலைக்குக் குளித்து, பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அது வளைகாப்புக்கு எடுத்த புடவை என்று அம்மா பிறகு சொன்னாள். கோயிலுக்குப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நேராக என்னிடம் வந்து, “வா” என்று கையைப் பிடித்தாள்.

மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்பா முன்னால் வந்தார். “இன்னாம்மா இது? எங்க போற?”

அத்தை நிற்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லையோ, போலீஸ்காரர்கள் இருந்ததாலோ, அவர் அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் உள்ளே போனோம்.

வகுப்பறையில் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் நுழைந்ததற்கு அரசாங்க ஆட்கள் எழுந்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தூங்கினவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவர், “பாப்பா வெளிய இருக்கட்டும்மா” என்றார். இன்னொருவர், “இருக்கட்டும் சார், யாரு இருக்காங்க கேக்கறதுக்கு” என்றார். அத்தையின் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள். கேட்டுச் சரிபார்க்க எந்தக் கட்சி ஆளும் அங்கே இல்லை. கையெழுத்து வாங்கினார்கள். விரலில் மை வைக்கிறவர் காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தவர்போல மிக நிதானமாக, நகத்திலிருந்து தோல்வரை கோடு இழுத்தார். அத்தை அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ‘பீப்’ என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

வெளியே ஊரே கூடியிருந்தது. அப்பா எங்கள் முன்னால் வந்து நின்றார்.

“ஊரே ஒண்ணா நிக்குது. யாருக்காக நிக்குது? உனக்காகத்தான நிக்குது?”

“என்னை யாருண்ணா கேட்டீங்க?” என்றாள் அத்தை. “ஒருத்தராவது வந்து கேட்டீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. பால் கணக்கு விசாரிப்பதுபோலச் சொன்னாள். அத்தை என் கையை விட்டுவிட்டு, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் சும்மா விடுவதா என்று ஒருவர் சத்தம் போட்டார். கோயிலில் வைத்து அபராதம் போடவேண்டும் என்றார் இன்னொருவர். அப்பா அவர்களைப் பார்த்து, “போடறதுன்னா எனக்குப் போடுங்க” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. சாயங்காலம், ஓட்டுப்பதிவு முடிவதற்குள்ளேயே, அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பேனரை இறக்கினார். மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, அதை மேலே போடலாம் என்று அம்மா கேட்டாள். எங்கள் ஊரில் எல்லாப் பேனருக்கும் கடைசியில் அந்த வேலைதான். அப்பா கொடுக்கவில்லை. கானாற்று மணலுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். நல்ல கெட்டியான பேனர், வீணாகப் போயிற்றே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் எங்கள் ஊர் வந்தது. ஊரே புறக்கணித்தது, ஒரே ஒரு ஓட்டு மட்டும் பதிவானது என்று. முடிவு வந்த பிறகு, அந்த ஒரு ஓட்டு தங்களுக்கு விழுந்ததுதான் என்று ஜெயித்த கட்சிக்காரர் ஒருவர் அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னார். தோற்ற கட்சிக்காரரும் அதையே சொன்னார். தாசில்தார் சொன்ன அந்தப் பட்டனைத்தான் அத்தை அழுத்தியிருப்பாள் என்றாள் அம்மா. அத்தை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஓட்டால்தான் பாலம் தள்ளிப்போயிற்று என்று ஊரில் சிலர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு சமயம், யாரும் பெரிதாகக் கேட்காத ஒரு வருஷத்தில், பாலம் வந்தது. அதன்மேல் முதலில் போன வண்டிகளில் ஒன்று அத்தை ஏறிப்போன பால் வண்டி.

எனக்கு அப்போது புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. யாராவது வந்து கேட்டீர்களா என்றாளே அத்தை, அது என்னை வதைத்துக்கொண்டே இருந்தது. தேர்தல் சமயத்தில் கேட்பது என்றால் எனக்கு ஓட்டுக் கேட்பது ஒன்றுதான் தெரியும். கேட்டு வந்தவர்களைத்தான் ஆண்கள் கானாற்றோடு திருப்பி அனுப்பிவிட்டார்களே. மற்ற ஊர்ப் பெண்களை எல்லாம் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், தன்னை மட்டும் ஒருவரும் வந்து கேட்கவில்லை என்று அத்தைக்கு வருத்தம்போல என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அத்தை வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். விரலில் மை இன்னும் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சமாதானமாகச் சொன்னேன்.

“அடுத்த தபா கண்டிப்பா வந்து கேப்பாங்க அத்தே. நீ கவலப்படாத.”

அத்தை கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கேக்கட்டும்” என்றாள்.

என் ஆறுதல் பலித்துவிட்டது என்ற திருப்தியோடு நான் விளையாடப் போய்விட்டேன்.