பியர் ஊற்றிய கிளாஸ்

நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்முற்றம். ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் சிவம் அண்ணன் நெருப்பில் கோழிக்கால்களைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த வீட்டு கியோர்கி ஜார்ஜியாக்காரர். வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய் கொண்டுவந்திருக்கிறார்.

ஜார்ஜிய மொழியின் ரொமாண்டிக் காலக் கவிதைகள் கியோர்கிக்கு மனப்பாடம் என்று அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார். அவர்கள் ராஜ்ஜியம் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போன பிறகு எழுதப்பட்டவை. விருந்தில் கோப்பையை உயர்த்தி, வீழ்ந்தவர்களுக்காகவும் நாட்டுக்காகவும் சொல்வார்களாம். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் மூன்று கிளாஸ்களில் பியர் ஊற்றுகிறார். தன்னுடையதை உயர்த்தி, “நாட்டுக்கு” என்று நோர்வீஜிய மொழியில் சொல்கிறார். கியோர்கி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறார். தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறார்.

“என்ன சொல்றார்?” என்று அண்ணனைக் கேட்கிறேன்.

“அந்தக் கவிதைக்கு வைன்தான் வேணுமாம். பியரைத் தூக்கிறது பகைவருக்காம்.”

வீட்டில் வைன் இல்லை. இங்கே அதை விற்பது அரசாங்கக் கடைதான், ஞாயிறு பூட்டு. வீழ்ந்தவர்களில் யாருடைய நினைவு வந்ததோ, அண்ணன் தன் கிளாஸைக் குடிக்காமல் அப்படியே புல்லில் ஊற்றுகிறார்.

“அப்ப நாளைக்கு வரச் சொல்லுறன்” என்கிறார் என்னிடம். “இவ்வளவு காலம் பொறுத்த நாடு, திங்கள் வரைக்கும் பொறுக்காதோ?”

அதையே கியோர்கிக்கும் மொழிபெயர்க்கிறார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

கியோர்கி சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கிறார்.