வுருன்ஜெரி நிலத்தில் தம்பியின் வீடு

றோஸ்மலர் லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் இருக்கிறார். இல்ஃபோர்டில் ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுக்கிற வேலை. மன்னாரில் பிறந்து, சண்டைக்குள் இடம்பெயர்ந்து, இருபத்துநான்கு வயதில் லண்டனுக்கு வந்தவர். கணவர் கொட்வின் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். றோஸ்மலர் அதிகம் பேசுகிறவர் அல்ல, ஆனால் ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார்.

மெல்பேர்னில் இருக்கிற அவருடைய தம்பி அருள்நேசன், நகரத்தின் வடக்கு ஓரத்தில், புதிதாக வீதி போட்ட இடத்தில் ஒரு வீடு கட்டினான். வீடு ஆசீர்வாதத்துக்குப் போக றோஸ்மலருக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். அங்கே மாலை. பாதர் தீர்த்தம் தெளிக்க முன்னர் ஒரு தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார். இந்த நிலத்துக்கு உரித்தாளர்களான வுருன்ஜெரி ஆதிக்குடி மக்களுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்றார். வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். பிறகு செபம் தொடங்கியது.

அடுத்த நாள் காலை தம்பியோடு கதைத்தபோது, அந்த வுருன்ஜெரி மக்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

“அது இங்க எல்லா இடத்திலயும் வாசிக்கிறது, அக்கா. பிளேனில சீற் பெல்ற் போடச் சொல்லுற மாதிரி” என்றான் அருள்நேசன்.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. மத்திய லண்டனில் ஒரு கல்லூரியில் ஒஸ்ரேலிய ஆதிக்குடிகளின் வரலாறு பற்றி மாலை வகுப்பு நடப்பதை இணையத்தில் கண்டு சேர்ந்தார். கொட்வினுக்கு விளங்கவில்லை. ஒஸ்ரேலியாவுக்கு ஒருநாளும் போகாத ஆளுக்கு ஏன் இது என்று கேட்டார். போனால் தெரிந்துகொண்டு போகலாம் என்றார் றோஸ்மலர்.

படிப்பித்தவர் லொறேன். அவரும் ஆதிக்குடிப் பெண்தான். நியூ சவுத் வேல்ஸிலிருந்து சில வருட வேலைக்கு லண்டன் வந்திருந்தார். தன் மக்களின் பெயரையும் தன் ஆற்றின் பெயரையும் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார். அவர்களுடைய கதைகள் பொழுதுபோக்குக்குச் சொல்கிறவை மட்டும் அல்ல என்றார். தண்ணீர் எங்கே கிடைக்கும், யார் யாருக்கு உறவு, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவற்றுக்குள் இருக்கிறது. ஒரு கதைக்கு ஒரு இடம் இருக்கிறது, அதைச் சொல்ல உரிமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். றோஸ்மலர் தன்னை அறிமுகப்படுத்தியபோது மன்னாரைப் பற்றிச் சொன்னார், தம்பியின் புது வீட்டைப் பற்றியும் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள் மன்னார்க் கதையைத்தான் கவனித்துக் கேட்டார்கள்.

அதனால் முதல் கட்டுரையை அவர் சுலபமாக எழுதிவிட்டார். நிலம் இழந்தவர்கள் அவர்களும், நிலம் இழந்தவர்கள் நாங்களும் என்பதுதான் அதன் சாரம். லொறேன் அதைத் திருப்பித் தந்தபோது, உங்கள் ஆட்கள் இழந்ததை நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தம்பியின் வீடு இதற்குள் இல்லையே என்று மட்டும் கேட்டார்.

றோஸ்மலருக்குக் கோபம் வந்தது. அகதியாகப் போன தம்பியையும் கப்பலில் துவக்கோடு போய் இறங்கிய வெள்ளைக்காரரையும் ஒரே வரிசையில் நிற்பாட்டுவதா என்று கொட்வினிடம் சொன்னார். அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. அந்த வார இறுதியில் தம்பிக்குப் போன் எடுத்து, லொறேன் கேட்டதைச் சொன்னார். அவன் தன் பக்கம் நிற்பான், இரண்டு பேருமாகக் கொஞ்சம் கோபப்படலாம் என்றுதான் எடுத்தார்.

“நான் ஆரிட்டையும் பறிக்கேல்லை, அக்கா” என்றான் அவன். “காசு குடுத்து, முறைப்படி வாங்கின காணி.”

றோஸ்மலருக்கு மன்னார் வீடு நினைவுக்கு வந்தது. சண்டை முடிந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை மன்னாருக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. மரியாதையான ஆட்கள். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, காசு கொடுத்து வாங்கியது என்று சொல்லிப் பத்திரத்தையும் காட்டினார்கள். அருள்நேசன் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டான். அதைப் பற்றிப் பல வருடம் ஆத்திரத்தோடு பேசினான்.

“எங்கட வீட்டில இருந்தவையும் இதைத்தான் சொன்னவை, அருள்” என்றார் றோஸ்மலர்.

அவன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வாழ்த்து வந்தது. றோஸ்மலர் வகுப்புக்குத் திரும்பிப் போனார். கட்டுரையை முதலிலிருந்து எழுதினார். இந்த முறை தம்பியின் வீடும் மன்னார் வீடும் இரண்டும் அதற்குள் இருந்தன. எது எதற்குச் சமம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. லொறேன் சுமாரான புள்ளிதான் போட்டார். ஆதாரம் காட்டிய இடங்களில் பிழைகள் இருந்தனவாம்.

பங்குனியில் ஒருநாள், றோஸ்மலர் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, அருள்நேசன் போன் எடுத்தான். தங்களுக்குள் வந்த பிணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய வீதி முடிகிற இடத்தில், ஓடைக்குப் பக்கத்தில், வேலி போட்ட ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரம் நிற்கிறது. அதன் தண்டில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரித்த வடு. நோய் பிடித்த மரம், வெட்டப் போகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். கவுன்சில் ஒழுங்குபடுத்திய நடைச் சுற்றுலாவில் மனைவியோடு போனபோதுதான் தெரிந்ததாம், வுருன்ஜெரி ஆட்கள் முந்தி ஓடம் செய்ய, மரம் சாகாதபடி பட்டையை உரித்தெடுத்த இடம் அது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டின பெண்ணும் வுருன்ஜெரிதான். அங்கேயே நின்று அந்த ஓடையின் கதையைச் சொன்னாராம்.

றோஸ்மலர் கதை என்ன என்று உடனே கேட்டார்.

“சொல்ல ஏலாது, அக்கா. அவ அங்க நிண்டு சொன்னவ. நான் போனில சொல்லுறது சரியில்லை. நீங்கள் வாங்கோ, அவவிட்டையே கேளுங்கோ.”

ஒரு வருடம் படித்த தனக்கு இதைத் தம்பி சொல்கிறானே என்று றோஸ்மலருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார். அன்று கிளினிக்குக்குப் பிந்தித்தான் போனார்.

லொறேன் கோடையில் ஊர் திரும்பினார். மன்னார் வீட்டைப் பற்றி அக்காவும் தம்பியும் இன்னும் பேசவில்லை. றோஸ்மலர் மெல்பேர்ன் போகக் கார்த்திகையில் மூன்று கிழமை லீவு கேட்டார், இந்த முறை கிடைத்திருக்கிறது. கொட்வின் வரவில்லை. அவ்வளவு நீண்ட பறப்பு அவருடைய முதுகுக்கு ஒத்துவராதாம்.