பேர் நோட்டோடு மலையேறிய கதை

இன்று காலை எங்கள் ஏலப்பாறை எஸ்டேட்டையே காப்பாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, எல்லோரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஃபேக்டரியில் சங்கு ஊதினார்கள். நம் ஜனம் சங்கு கேட்டால் எங்கே போகும்? கொழுந்துக் கூடையோடு, தினமும் காலையில் ஆள் கூடும் ஆற்றோரப் பிரட்டுக்களத்துக்கு வந்து, வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்றுவிட்டது.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டாயிற்று. கங்காணி அண்ணாச்சி குடை பிடித்துப் பேர் கூப்பிடுகிறார்.

"மதினி, மேல ஏறுங்க. இது வேலைச் சங்கு இல்ல" என்றேன்.

"பேரு பதியாம எப்பிடிப் போறது கொழுந்தனாரே? பாதி வரிசை முடிஞ்சிருச்சுல்லா" என்றார் முத்துலட்சுமி மதினி.

இனிப் பேசிப் பிரயோஜனமில்லை. கங்காணியின் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். ஜீப்கூட என்னைப் பிடித்திருக்காது.

"நோட்டக் குடுலே" என்று நூறு பேரும் கூடையோடு பின்னாலேயே ஏறிவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், பிரட்டுக்களமே தண்ணீருக்குள்.

கங்காணி மூச்சு வாங்க நோட்டை வாங்கி, விட்ட இடத்திலிருந்து கூப்பிட்டு முடித்தார். எனக்கு மட்டும் 'வரவில்லை' என்று போட்டிருக்கிறார்.

கேட்டால், "ஓடுறப்ப ஒம் பேரச் சொல்லிக் கூப்பிட்டேனே, நின்னியா?" என்கிறார்.

இதில் என் தப்பு என்ன என்று கமெண்டில் சொல்லுங்கள். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள், கங்காணியும் படிக்கிறார்.