இழுவை வண்டிக்குக் கார் டயர்

அலமாரி நிறையப் புத்தகம் படித்த நான், டயரின் ஓரத்தில் பொறித்திருந்ததைப் படிக்கவில்லை. ஆரணியில் பழுதான கார்களை இழுத்துவரும் என் வேனுக்குப் பளபள வீலோடு கார் டயர் மாட்டினேன். "பாரம் தாங்காதுங்க," என்றார் கடைக்காரர். நான் அழகைப் பார்த்தேன்.

போளூர் சாலையில் நின்றுபோன ஒரு காரைக் கட்டி இழுத்தேன். காரின் சொந்தக்காரர் என் பக்கத்தில் இருந்தார். கலசப்பாக்கத்தில் அவருடைய அம்மா இறந்திருந்தார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், இவர்தான் கடைசி.

"எனக்காகக் காத்துகினு இருக்காங்க. ஜல்தியா போங்கண்ணா, இருட்றதுக்குள்ள எடுத்துடுவாங்க."

பாதி வழியில் பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் அதே ரகம், அதுவும் வெடித்தது. வேறு டயர் வரவழைத்து மாட்டிப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அண்ணன் கொள்ளி வைத்துவிட்டிருந்தார்.

இப்போதெல்லாம் டயர் தாங்கும் எடையைப் பார்த்த பிறகே வீலின் அழகைப் பார்க்கிறேன். அன்று சுடுகாட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"விடுங்கண்ணா. நடந்தே வந்திருந்தாகூட அம்மா மொகத்தைப் பாத்திருப்பேன்."