கங்காணி இல்லாத கண்ணாடித் தொட்டி

கங்காணி செத்துப்போனான்.

என் மீன்தான். சிவப்பும் வெள்ளையுமாக, வாயோரம் மீசை வைத்த கார்ப் மீன். நான் போடும் போட்டோக்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

இன்று காலை எழும்பி லைட்டைப் போட்டேன். லைட்டைக் கண்டால் மேலே வந்து வாயைத் திறப்பான்... வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறான். கண் திறந்தபடி. மீனுக்குக் கண் மூடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும்...

நேற்று சாயங்காலம் நன்றாகத் தின்றான். உடம்பில் காயம் இல்லை. தண்ணீர் கலங்கவில்லை. மலையிலிருந்து பீலிக் குழாயில் வருகிற அதே தண்ணீர், எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் குடிக்கிற தண்ணீர். நாங்கள் யாரும் சாகவில்லையே.

பதுளை டவுனில் மீன் வாங்கின கடைக்குப் போன் போட்டேன். "சில நேரம் அப்படித்தாங்கம்மா, ஏன்னு சொல்லத் தெரியாது" என்றார் கடைக்காரத் தம்பி. மனுசர் செத்தால் டொக்டராவது ஏதோ ஒரு காரணம் எழுதிக் கொடுக்கிறார். இவனுக்கு அதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் தவறின பிறகு, பேத்தி டிலானி வாங்கிவந்த மீன். கெம்பஸில் படிக்கிற பிள்ளை, எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். (இதைச் சொல்லாமல் நான் ஒரு போஸ்டும் போட்டதில்லை, இன்றைக்கும் சொல்வேன்.)

"அப்பாயி, ஒங்களுக்குப் பேச்சுத் தொணைக்கு" என்று பொலித்தீன் பையைக் கையில் கொடுத்தாள்.

"பேசாத ஒண்ணக் கொண்டாந்து பேச்சுத் தொணைங்கிறியேடி" என்றேன்.

அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மீசையோடு ஒரு நடை... தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் கங்காணி நடப்பாரே, அதே நடை.

மலையில் வேலை செய்த காலமெல்லாம் கங்காணி சத்தம் கேட்டால் தலை நிமிராமல் பறிப்பேன். இந்தக் கங்காணியை நான்தான் அதட்டுவேன். கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம், அரைப்பேர் போடுவார்கள் இல்லையா... "என்ன கங்காணி, இன்னைக்கும் எனக்கு அரைப்பேருதானா?" என்பேன். விரலை நீட்டினால் வந்து உறிஞ்சுவான்.

போன பெருமழையில் மண் சரியப் போகிறது என்று எங்கள் லயத்தையே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். எல்லாரும் ஐடென்டிகார்ட், நகை, பிள்ளைகளின் செர்டிபிகேட் என்று அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் கங்காணியைச் சோற்றுப்பானையில் தண்ணீரோடு இடுப்பில் வைத்து நடந்தேன்.

பெயர் எழுதின ஐயா கேட்டார், "அம்மா, வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்க."

"மத்தவர் எங்க?"

மூடியைத் திறந்து காட்டினேன்.

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் விடுவாளா? "ஐயா, அதுக்கும் ஒரு சோத்துப் பார்சல் எழுதுங்க. இல்லாட்டி இந்தக் கெழவி தன்னோடத அதுக்குக் குடுத்துட்டுப் பட்டினி கெடக்கும்!" அந்தப் பயத்திலும் முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது.

அந்த மழைக்குப் பிறகு என் மகன் விடவே இல்லை. அவன் இருப்பது தூரத்தில், வத்தளை டவுனில். காம்பராவைக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்வான். பயப்படுகிறான், பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாடி வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். உன் வீடு வேண்டாமென்று பெற்ற மகனிடம் எப்படிச் சொல்வது?

"கங்காணிக்கு யாருடா சாப்பாடு போடுறது? இந்த வளைவுல எல்லாம் வேன்ல கொண்டுவந்தா செத்துருவான்டா" என்பேன். அவனும் சிரித்துவிட்டு விட்டுவிடுவான். இவ்வளவு நாளும் அந்த ஒரு பேச்சில்தான் நான் இங்கே இருந்தேன்.

இன்று காலை அவனிடம் சொன்னேன். மெதுவாக, "அப்ப... சனிக்கெழம வேன் கொண்டாரட்டாம்மா?" என்றான்.

சரி என்றேன்.

டிலானி போனில் அழுதாள். "வேற மீன் வாங்கித் தாரேன் அப்பாயி" என்றாள். வேணாம் சாமி. வத்தளையில் வைத்து நான் யாரோடு பேச...

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. நான் மூட்டவில்லை. பாக்கியம் சோறு கொண்டுவந்தாள். "மீனுக்குத் துக்கம் காக்குற மொத ஆளு நீதான்க்கா" என்று சிரிக்கப் பார்த்தாள். தொட்டியைக் கண்டதும் அவளும் அழுதுவிட்டாள்.

"ஒனக்கு வந்த கண்டத்த அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சுக்கா. நல்லதுன்னு நெனச்சுக்க" என்றாள்.

தொட்டி மீன் செத்தால் எல்லாரும் சொல்வதுதான். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கமென்டில் நீங்களும் இதைத்தான் எழுத வருவீர்கள். தயவு செய்து எழுதாதீர்கள். எனக்கு வந்த கண்டத்தை எனக்கே விட்டிருக்கலாம். இந்த வயதில் அதை யார் வாங்கச் சொன்னது?

எங்கள் வீட்டுக்காரர் வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கங்காணியைச் சுற்றினேன். லயத்துக்குப் பின்னால் போஞ்சிக்கொடிப் பாத்தி ஓரமாக நானே குழி வெட்டினேன். பாக்கியமும் ஒரு பிடி மண் போட்டாள்.

வீட்டை விட்டுப் போகிறவர்களை "போயிட்டு வா" என்றுதான் அனுப்புவோம். உனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை கங்காணி.

போ சாமி. திரும்பி வந்தாலும் நான் இங்கே இருக்க மாட்டேன்.