முப்பதாவது தப்படி

என் அக்கா நாம்போசோவின் புருஷன் வெபுகுலு பிடிவாதக்காரன். அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் எல்கன் என்று பேர் வைத்த எங்கள் மசாபா மலையில், ஊரின் கடைசித் தோட்டம் அவனுடையது. அதற்கு மேலே அரசாங்கக் காடு. மலை எந்தக் காலத்திலோ நெருப்புக் கக்கி உண்டான மண். குச்சியை நட்டாலும் தழைக்கும். மழையை எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். அதில் பதினேழு வரிசை காப்பி வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தான். "கீழ சமவெளிக்குப் போயிரலாம் மச்சான்" என்று ஒருமுறை வாயைத் திறந்தேன். "அந்த மணல்ல நீ போய் புரளு" என்றான்.

காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே எல்லைத் தூண். காட்டுக்குள் நிற்கும் பெரிய போடோ மரத்திலிருந்து சரியாக முப்பது தப்படி. தூண் நட்ட அன்று அவனே நடந்து அளந்தது.

அந்த ஏப்ரலில் பதினோரு நாள் மழை விடவில்லை. ஒருநாள் காலையில் மறுபடி அளந்தான், முப்பத்துமூன்று வந்தது.

"முசானி பய வேலைடா இது. தூணைக் கீழ எறக்கி என் தோட்டத்தக் காட்டோட சேக்குறான்."

முசானி வனக்காவலன். எங்கள் பெண்கள் ஒடித்துவரும் மூங்கில் குருத்தைப் பிடுங்கிக்கொள்கிறவன். எனக்கும் அவனைக் கண்டால் ஆகாது. போய்க் கேட்டோம். "தூணைத் தொட எனக்கென்ன பைத்தியமா? செவ்வாக்கெழம வந்து பாக்குறேன்" என்றான்.

நாங்கள் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே இருவருமாகத் தூணைப் பிடுங்கி மேலே தூக்கிப்போய், முப்பதாவது தப்படியில் நட்டோம். அதை ஒட்டிக் கீழே, புதருக்குள் என் கால் முழங்கால்வரை இறங்கியது. நீள வெடிப்பு.

"மச்சான், இங்க பொளந்து கெடக்கு."

"மழைக்கு மண்ணு பொளக்காம உன் மண்டையா பொளக்கும்? அள்ளிப்போட்டு மூடு."

தோண்டிய மண்ணைப் போட்டு நானேதான் மிதித்து மூடினேன்.

செவ்வாய் காலை அக்கா மழையில் நின்று காப்பி வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதினேழும் அப்படியே இருக்கு. தூண் பிடுங்குன குழிக்கும் மொத வரிசைக்கும் நடுவுல அப்பவும் நாலு தப்படி, இப்பவும் நாலு. தூண் மட்டும் எறங்கியிருந்தா கொறஞ்சிருக்கணும்ல? தோட்டமே எறங்கியிருக்குங்க."

நான் மிதித்து மூடிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெபுகுலு அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க குடும்பத்துல எண்ணத் தெரிஞ்சவங்க யாரு?"

"பிள்ளைங்களோட தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க."

"நான் நகந்தா அந்தப் பய வந்து தூணை எறக்கிருவான். அவன் வந்துட்டுப் போகட்டும், சாயங்காலம் வரேன். வேர்க்கடலை போட்டு மூங்கில் குருத்து ஆக்கி வை."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கலாம். இழுக்கவில்லை. சின்னவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்த என் வீட்டுக்கு அக்காவோடு இறங்கிவிட்டேன்.

மதியம் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெடுநேரம் ஓயவில்லை. அக்கா அகப்பையை அடுப்போரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

காட்டு வழியாகச் சுற்றி ஏறினேன். முசானி போடோ மரத்தடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மரத்திலிருந்து தூண்வரை நடந்து அளந்தேன், எதற்கென்று தெரியவில்லை. சரியாக முப்பது. அடுத்த தப்படி வைக்க மண் இல்லை.